குளோரின் வாயு இல்லாமல் எட்சிங் கரைசலைப் புதுப்பித்தல்

சர்க்யூட் போர்டில் வேண்டாத செம்பைக் கரைத்தெடுப்பதே எட்சிங். அப்படிக் கரைக்கக் கரைக்க, குப்ரிக் குளோரைடு கரைசல் தெளிந்த பச்சை மங்கிப் பழுப்பேறும். செம்பைக் கரைக்கும் திறனற்ற குப்ரஸ் குளோரைடு சேர்ந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். ஆலைகளில் இதைக் குளோரின் வாயுவால் மீட்பதுண்டு. கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், சிறு பட்டறைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

காற்றோட்டமுள்ள இடத்தில், மீன்தொட்டிப் பம்பால் கரைசலுக்குள் காற்றைச் செலுத்தினால், மெதுவாகத்தான் என்றாலும், ஆக்சிஜனே அதைப் பச்சைக்குத் திருப்பிவிடும். அவசரமென்றால், 3% ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலக்கியபடியே சிறிது சிறிதாக விட்டு, பச்சை திரும்பியதும் நிறுத்த வேண்டும்; மிகுந்தால் அது கரைசலிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபுரிந்து, நாம் தவிர்க்க நினைத்த குளோரினையே கிளப்பும். இரு முறையிலும் அமிலம் செலவாவதால், அதையும் அவ்வப்போது ஈடுசெய்ய வேண்டும். பெராக்சைடிலுள்ள நீரால் கரைசல் பெருகும்; மிஞ்சுவதில் செம்பு இருப்பதால் சாக்கடையில் ஊற்றக் கூடாது.