பழைய வேலைக் கோட்டும் புதிய ஜாக்கெட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாக்கெட் என்றால் நம்மில் பலருக்கு ரவிக்கைதான் நினைவுக்கு வரும். இங்கே நான் எழுதுவது பட்டறைக் கோட்டு, கேன்வாஸ் மேற்சட்டை, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் அணியும் தோல் ஜாக்கெட் போன்ற முரட்டு உடைகளைப் பற்றி. ஆண்டுக்கணக்கில் உழைத்த இத்தகைய உடையைத் தூக்கிப் போட எளிதில் மனம் வருவதில்லை. ஆனால் அதைக் கழிக்க வேண்டிய நேரத்தில் வைத்துக்கொள்கிறோம். வைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் கழித்துவிடுகிறோம்.

முதல் தவறு, தோற்றத்தைப் பார்த்து முடிவெடுப்பது. சாயம் வெளுப்பதும் காலர் மடிப்பு நைவதும் துணியின் முடிவல்ல. என் தந்தை லேத்துப் பட்டறையில் அணிந்த காக்கி டிரில் கோட்டின் காலர் நைந்தபோது, எங்கள் தெருத் தையல்காரர் அதைப் பிரித்தெடுத்து, உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் தைத்துக் கொடுத்தார். வெயில் படாத அந்தப் பக்கம் மட்டும் புதுக் காக்கியாக இருந்ததால், பல மாதங்களுக்குக் கோட்டு வேறு, காலர் வேறு என்றுதான் தெரிந்தது. உண்மையில் கவனிக்க வேண்டிய இடங்கள் முழங்கை, தோள்பட்டைத் தையல், பையின் மூலை ஆகியவை. பை மூலை கிழிவது பழங்காலத்துத் தொல்லை. அமெரிக்காவின் ரீனோ நகரத்துத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், உழைப்பாளிகளின் காற்சட்டைப் பைகள் கிழியாமலிருக்க அங்கே செம்பு ரிவெட் அடித்தார். தனக்குத் துணி விற்ற லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமையும் பெற்றார். உங்கள் கோட்டில் முழங்கை, தோள்பட்டை, பை மூலை ஆகிய இந்த மூன்று இடங்களையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். தையல் மட்டும் விட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை. துணியே பொடிந்து பிரிந்தால் எந்தத் தையலும் நிற்காது.

ஒட்டுப் போடுவதிலும் தவறு நடக்கிறது. ஓட்டையின் அளவுக்கே துணியை வெட்டி, கெட்டியாக இருக்கட்டும் என்று புத்தம் புதிய கேன்வாஸை வைத்துத் தைத்தால், முதல் சலவையில் அது சுருங்கிச் சுற்றியுள்ள பழைய துணியை இழுக்கும். பிறகு ஒட்டு நிற்கும், அதன் ஓரம் கிழியும். ஒட்டுத் துணி சலவை கண்டதாகவும், கோட்டுத் துணியைவிடக் கனமில்லாததாகவும், ஓட்டையைத் தாண்டி நல்ல துணி இருக்கும் இடம்வரை நீள்வதாகவும் இருக்க வேண்டும்.

பராமரிப்பதாக எண்ணிக் கெடுப்பதும் உண்டு. மெழுகு ஏற்றிய பருத்தி ஜாக்கெட்டைச் சலவை இயந்திரத்தில் போட்டால் நீரைத் தடுக்கும் மெழுகு போய்விடும்; குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மெழுகு வற்றும்போது மீண்டும் ஏற்றுவதே முறை. தோல் ஜாக்கெட்டை வெயிலில் காயவைத்தால் விறைத்து வெடிக்கும். பிளாஸ்டிக் உறையில் பூட்டி வைத்தால், சென்னை போன்ற ஈரப்பதமுள்ள ஊரில் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிக்கும். பருத்தி உறையும் அகலமான ஹேங்கரும் போதும். தோல் என்று நம்பி வாங்கிய ரெக்சின் ஜாக்கெட்டுக்கு இந்தக் கவனிப்பெல்லாம் வீண். அதன் பாலியூரித்தேன் பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து செதில் செதிலாக உரியும். எத்தனை எண்ணெய் தடவினாலும் ஒட்டாது. அதன்மீது பாசம் வைப்பது நட்டக் கணக்கு என்பது என் கருத்து.

புதியது வாங்கும்போது கனத்தை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. 12 அவுன்ஸ் கேன்வாஸ் (ஒரு சதுர கெஜத்தின் எடை) என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம்; ஆனால் நெசவு தளர்வாகவும் தையல் ஒற்றையாகவும் இருந்தால் அந்தக் கனத்தால் பயனில்லை. உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். பழைய கோட்டின் அதே பெயர், அதே மாதிரி என்பதால் அதே துணிதான் என்று நம்பவும் கூடாது. லேபிளைப் படித்துவிடுவது நல்லது. குறிப்பாக வெல்டிங் செய்பவர்கள் மலிவான பாலியெஸ்டர் கலப்பை வாங்கினால், தீப்பொறி பட்ட இடத்தில் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பாதுகாப்பு உடையிலும் பாசத்தைக் கலப்பது. ஒளிரும் மேலங்கியின் சாயம் வெளுத்துவிட்டால் பகலிலும், வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பட்டைகள் தேய்ந்துவிட்டால் இரவிலும் லாரி ஓட்டுநருக்கு நாம் எளிதில் தெரியமாட்டோம். எண்ணெய் ஊறிய கோட்டு சட்டெனத் தீப்பற்றும். சுழலும் இயந்திரத்தின் அருகே கைமுனையில் தொங்கும் ஒரு பிசிறே போதும். லேத்தின் சக் (கடைசல் பொருளைப் பிடித்துச் சுழலும் பகுதி) அதைப் பிடித்தால் துணியோடு கையையும் இழுத்துவிடும். அங்கே கிழிந்த கைமுனையைத் தைத்து ஒப்பேற்றலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

என் தந்தையின் கோட்டுக்கும் அந்த நிலை வந்தது. தையல்காரர் இரு கைகளையும் முழங்கைக்கு மேலே வெட்டி மடித்துத் தைத்தார். வெட்டிய துணியில் நைந்துபோன முழங்கைப் பகுதியை நீக்கி, எஞ்சியதிலிருந்து பைகளின் மூலைகளுக்கு ஒட்டுப் போட்டார். அந்தக் கோட்டோடு சேர்ந்தே அத்தனை சலவையும் கண்ட துணி என்பதால், ஒட்டு எங்கே தொடங்குகிறது என்பதை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.