பாதுகாப்பு இணைப்பு நீட்சிக்கு விதி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருளே நீட்சி. உலாவி ஒரு தளத்தை, மறையாக்கம் இல்லாத எச்டிடிபி வழியாகத் திறக்க முனையும்போது குறுக்கிட்டு, அதை மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் இணைப்பாக மாற்றுவதே பாதுகாப்பு இணைப்பு நீட்சிகளின் வேலை. இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் பவுண்டேஷனும், அடையாளம் மறைத்து உலாவ உதவும் டார் திட்டமும் 2010-இல் வெளியிட்ட எச்டிடிபிஎஸ் எவ்ரிவேர் அவற்றுள் பெயர்பெற்றது. ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் இந்த வசதியைத் தாமே தரத் தொடங்கிய பிறகு, 2023 ஜனவரியுடன் அது நிறுத்தப்பட்டது. ஆயினும் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ தனி நீட்சி அமைப்பவர், எந்த முகவரியை எப்படி மாற்ற வேண்டும் என்று தளம்தளமாக விதி எழுத வேண்டிய நிலை இன்றும் உண்டு. திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று விவசாயிகள் வரிசையில் நிற்கையில், ஒரு தவறான விதியால் விண்ணப்பப் பக்கம் திறக்காமல் போனால், மையத்தில் இருப்பவர் அந்த ஒரு விதியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்; நீட்சியையே நிறுத்திவிடுவார். அதன்பின் அந்தக் கணினியில் எந்தத் தளத்துக்கும் நீட்சியின் காப்பு இராது. ஆகவே, சோதித்துப் பார்த்த அளவுக்கு மேல் ஒரு விதி நீளக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மிகுதியாக நேரும் தவறு, முகப்புப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு விதியை எழுதிவிடுவது. கல்லணையில் தண்ணீர் திறந்ததைப் பார்த்துவிட்டுக் கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. உள்நுழைவுப் பக்கம், படிவம், ரசீது, பிடிஎஃப் கோப்புகள் என்று தளத்தின் கடைசிவரை சென்று பார்க்க வேண்டும். பக்கம் எச்டிடிபிஎஸ் வழியாக வந்தபின், அதனுள் ஒரு நிரல் மட்டும் பழைய எச்டிடிபி முகவரியிலிருந்து அழைக்கப்பட்டால், உலாவி அந்த நிரலைத் தடுத்துவிடும். முகப்பு பளிச்சென்று தெரியும். ஆனால் வருவாய்க் கிராமங்களின் பட்டியல் விரியாது, சமர்ப்பிக்கும் பொத்தான் அசையாது. உலாவி பிழைச் செய்திகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தால் இந்தத் தடைகள் அங்கே பதிவாகியிருப்பதைக் காணலாம்.

நட்சத்திரக் குறியை (*) வைத்து, முதன்மைப் பெயருக்கு முன் வரும் எல்லாத் துணைத் தளப்பெயர்களையும் ஒரே விதியில் அடக்கிவிடும் ஆசை அடுத்த பெரும் தவறுக்கு இடமளிக்கிறது. எச்டிடிபிஎஸ் எவ்ரிவேரின் விதிகளில் இடப்பக்க நட்சத்திரம் எத்தனை அடுக்குத் துணைப்பெயர்களையும் பிடித்துக்கொள்ளும். தளத்தின் அடையாளத்தை உலாவிக்கு உறுதிசெய்யும் சான்றிதழில் உள்ள நட்சத்திரமோ ஒரே ஒரு அடுக்குக்குத்தான் செல்லும். ஒரு கல்லூரியின் சான்றிதழ் அதன் நூலகத் தளத்துக்குச் செல்லுபடியாகும்போதும், நூலகத்துக்குக் கீழ் அமைந்த மின்னூல் தளத்துக்குச் செல்லாமல் போகலாம். அங்கே வாசகர் காண்பது எச்சரிக்கைப் பக்கம்தான். பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுவது சலிப்பூட்டும் வேலை. ஆனாலும் அதுவே சரியான வேலை.

முகவரிகளின் வடிவத்தைக் குறிகளால் விவரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இரண்டு சிறு குறிகள் பெரும் கேட்டை விளைவிக்கின்றன. புள்ளியை அப்படியே விட்டால் அது எந்த எழுத்துக்கும் பொருந்தும். எனவே அதற்கு முன் \ இட்டுத் தளப்பெயரின் புள்ளியாக மட்டும் கொள்ளச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் ^ இல்லாவிட்டால், முகவரியின் நடுவே, அதாவது 'முடிந்ததும் இந்தப் பக்கத்துக்குத் திரும்பு' என்று கேள்விக்குறிக்குப் பின் வரும் மற்றொரு முகவரியிலும் விதி கை வைத்துவிடும். பணம் செலுத்தித் திரும்பும் இடங்களில் இத்தகைய மாற்றம் நேர்ந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இன்றைய க்ரோம் நீட்சிகளில் டிக்ளரேட்டிவ் நெட் ரிக்வெஸ்ட் என்ற முறையில் விதிகளை எழுதுகிறோம். அதில் எவ்வகைக் கோரிக்கைகளுக்கு விதி பொருந்தும் என்று குறிப்பிடாமல் விட்டால், பக்கத்தின் முதன்மைச் சட்டகத்தை, அதாவது முகவரிப் பட்டியில் உள்ள பக்கத்தையே தவிர மற்றவற்றுக்கே அது பொருந்தும். படங்களும் நிரல்களும் பாதுகாப்பாக வரும். பக்கமோ பழைய வழியிலேயே வந்துகொண்டிருக்கும். எழுதியவர் விதி வேலை செய்வதாகவே நம்பியிருப்பார் என்பதால், இந்தத் தவறை நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். இதே முறையில் இணைப்பை எச்டிடிபிஎஸ்ஸுக்கு உயர்த்துவதற்கென்றே தனிச் செயல் இருக்கும்போது, அதை விட்டுத் திருப்பிவிடும் செயலைப் பயன்படுத்துவதும் தகாது. திருப்பிவிடுவதற்கு அந்தத் தளங்களை அணுகும் அனுமதியையும் பயனரிடம் கேட்க வேண்டியிருக்கும். பழைய விதிகளை அப்படியே ஒட்டுவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: க்ரோம் ஏற்பது ரெகுலர் எக்ஸ்பிரஷனின் ஆர்இ2 என்ற வகையின் இலக்கணத்தையே. ஜாவாஸ்கிரிப்டில் செல்லுபடியாகும், 'பின்னால் இது வராவிட்டால்' என்னும் நிபந்தனை அதில் இல்லை. விதி தொடக் கூடாத பக்கங்களுக்கான விலக்குகளைத் தனி அனுமதி விதியாக எழுத வேண்டும். முன்னுரிமை எண் சமமாக இருந்தால் அனுமதி விதியே வெல்லும், உயர்த்தும் விதிக்கு அதிக எண் கொடுத்துவிட்டால் விலக்கு செயலற்றுப் போகும்.

தமிழில் தளப்பெயர் வைத்திருப்போருக்கான விதியில் ஒரு தனிக் கவனம் தேவை. '.இந்தியா' என முடியும் முகவரியை உலாவி நமக்குத் தமிழில் காட்டினாலும், உள்ளே அது ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட பியூனிகோடு வடிவிலேயே ஒப்பிடப்படுகிறது. விதியில் தமிழ் எழுத்துகளை இட்டால் ஏற்கப்படாது. அந்த வடிவத்துக்கு மாற்றியே எழுத வேண்டும்.

சில சர்வர்கள் எச்டிடிபிஎஸ் வழியாக வருவோரை மீண்டும் எச்டிடிபிக்கே அனுப்பிவிடும். விதி மேலே தள்ள, சர்வர் கீழே தள்ள, உலாவி இருபது முறை சுற்றிவிட்டுக் கைவிடும். அத்தகைய தளத்துக்கு விதியே எழுதக் கூடாது. தளத்தை நடத்துவோரிடம் சொல்லித் திருத்தச் செய்வதே வழி. 8080 போன்ற போர்ட் எண்ணுள்ள (சர்வரின் எந்த வாயிலில் இணைவது என்று குறிக்கும் எண்) முகவரிகளும் இப்படித்தான்: முன்னொட்டு மட்டும் மாறி எண் அப்படியே நின்றால், அந்தப் போர்ட்டில் பாதுகாப்பு இணைப்பை ஏற்கப் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

உள்நுழைவை நினைவில் கொள்ளத் தளம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகளைப் பாதுகாப்பானவையாக, அதாவது எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் அனுப்பத்தக்கவையாகக் குறிக்கும் விதியைக் கடைசியாகவே சேர்க்க வேண்டும். தளத்தின் ஒரு பகுதி விலக்கில் நின்று எச்டிடிபியிலேயே இருந்தால், அங்கே குக்கி அனுப்பப்படாது. பயனர் உள்நுழைந்த நிலையிலிருந்து வெளியே தள்ளப்படுவார்.

எழுதிய விதி என்றென்றும் சரியாக இருக்கும் என்று விட்டுவிடவும் கூடாது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாட்கள். அதற்குள் புதுப்பிக்காமல் விட்டால் எச்சரிக்கைப் பக்கம் வந்துவிடும். அப்போது விதியை அழித்துவிடாமல், எச்டிடிபிஎஸ் எவ்ரிவேரில் செய்ததுபோல் அணைத்துவைத்து, காரணத்தையும் தேதியையும் அதன் அருகிலேயே எழுதிவைத்தால், அடுத்து வருபவர் எதைச் சோதித்த பின் அதை மீண்டும் இயக்கலாம் என்று அறிந்துகொள்வார்.