பாட்டியின் ஒட்டுப் போர்வை: என்ன டிசைன், எந்தக் காலம்?

கொடைக்கானலில் பழைய வீட்டு டிரங்குப் பெட்டிகளைக் கிளறினால், கம்பளிக்கும் ஸ்வெட்டருக்கும் அடியில் சில சமயம் ஒரு குயில்ட் கிடைக்கும்: துண்டுத் துணிகளை ஒட்டி மேல்துணியாக்கி, அடித்துணிக்கும் அதற்கும் நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே வீடு கட்டிக் குடியேறிய ஊர் இது. துரைசானி ஊருக்குப் போகும்போது கொடுத்தது, பாட்டி தையல் கற்றுத் தானே தைத்தது என்று வீட்டுக்கு ஒரு கதை இருக்கும். “நூறு வருஷத்துப் பொருள்” என்பதும் கூடவே வரும். அதை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். சோதித்துப் பார்ப்போம்.

ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள். போர்வையில் எது பழைய துணி என்பது முக்கியமில்லை. எது புதிய துணி என்பதுதான் வயதைத் தீர்மானிக்கும். 1900-இல் வாங்கிய சீட்டித் துண்டை ஐம்பது வருஷம் பெட்டியில் வைத்திருந்தும் தைக்கலாம். 1960-இல் வந்த துணியை 1940-இல் தைத்திருக்க முடியாது.

1. துவைக்காதீர்கள்

பழைய சிவப்புகளில் சில தண்ணீர் பட்டதும் பக்கத்துத் துணிக்கெல்லாம் இறங்கிவிடும். வெள்ளைப் பருத்தி விரிப்பின் மேல், ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் விரியுங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும். கறையையும் பூஞ்சைப் புள்ளியையும் வயதுக்கு அடையாளமாக எடுக்காதீர்கள். இந்த ஊர் ஈரத்துக்கு நேற்று வாங்கிய தலையணை உறைகூட பாட்டன் காலத்துப் பொருள் மாதிரி ஆகிவிடும்.

2. ஒரு கட்டத்தைப் பிடியுங்கள்

முழுப் போர்வையையும் ஒரே நேரத்தில் பார்த்தால் கண் குழம்பும். சிக்குக் கோலத்தில் ஒரு சுழியைப் பிடித்துக்கொண்டு போவது போல, திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்துத் தாளில் வரையுங்கள்.

நடுவில் சின்னச் சதுரம், சுற்றிலும் நீளப் பட்டைகள், பாதி வெளிர் பாதி அடர் நிறம் என்றால் அது லாக் கேபின். 1860-களில் அமெரிக்காவில் பரவிய டிசைன்; நடுச் சதுரம் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அறுகோணத் துண்டுகள் சேர்ந்து பூப்பூவாக இருந்தால் கிராண்ட்மதர்ஸ் ஃபிளவர் கார்டன். ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளையங்கள் டபுள் வெட்டிங் ரிங். இதழ்கள் சேர்ந்து வட்டத் தட்டுப் போல் இருந்தால் டிரெஸ்டன் பிளேட். இந்த மூன்றுக்கும் 1920, 30-களில் அங்கே பெரிய மவுசு. பட்டும் வெல்வெட்டும் கோணல்மாணலாக ஒட்டி மேலே எம்பிராய்டரி போட்டிருந்தால் கிரேஸி குயில்ட், 1880-களின் மோகம். மூன்றுக்கு மூன்று சதுரமான நைன் பேட்ச் வயதைப் பற்றி எதுவும் சொல்லாது. தையல் பழகுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் தைத்தது அது.

எல்லா டிசைன்களையும் இன்றும் தைக்கிறார்கள். அதனால் டிசைன் பெயரைச் சொல்லும், ‘இதற்கு முன்னால் இருக்க வாய்ப்பு குறைவு’ என்று ஒரு எல்லையைக் காட்டும். அவ்வளவுதான்.

3. துணி துணியாகப் பாருங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு துண்டாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவை கசங்கியிருக்க, ஒன்று மட்டும் கசங்காமல் வழுவழுவென்று இருந்தால் டெரிலின் (பாலியெஸ்டர்) அல்லது டெரிகாட்டனா (பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்தது) என்று சந்தேகப்படுங்கள். பாலியெஸ்டர் இழையையே 1941-இல்தான் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். நம் ஊர்ச் சட்டைத் துணியாக அது பரவியது 60-களில். உறுதிப்படுத்த, ஓரத்தில் பிரிந்து தொங்கும் ஒரே ஒரு நூலை எடுத்து, போர்வைக்குத் தள்ளி ஒரு தட்டின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போலக் கருகி சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும்.

உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தத் துண்டு பிற்காலத்தில் கிழிசலுக்குப் போட்ட ஒட்டாகவும் இருக்கலாம். போர்வையின் மேலிருந்து அடிவரை ஓடும் நூலோட்டம் அந்தத் துண்டையும் துளைத்துக்கொண்டு போகிறதா? போனால் அது ஆரம்பத்திலிருந்தே இருப்பது. நூலோட்டம் அதன் அடியில் மறைந்து, மறுபக்கம் வெளிவந்தால் பின்னால் வைத்த ஒட்டு, கணக்கில் சேர்க்காதீர்கள்.

மதுரைச் சுங்குடித் துண்டு தென்பட்டால் கொண்டாட்டம்தான். மேல்துணியைத் தைத்தது இந்த வட்டாரத்தில்தான் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஓரத் துணியில் மில் முத்திரை இருந்தால் படம் எடுத்து வையுங்கள். நீளம் கஜத்தில் அச்சாகியிருந்தால், மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வந்த 1960-களின் தொடக்கத்துக்கு முந்தைய துணி என்று ஏறக்குறைய சொல்லலாம்.

4. தையலும் உள்ளே இருப்பதும்

கைத்தையல் என்றால் பழசு, மிஷின் தையல் என்றால் புதுசு என்பது தவறு. சிங்கர் மிஷினுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1851-இல். ஜிக்ஜாக் தையல் மட்டும் விதிவிலக்கு: வீட்டு மிஷின்களில் அது பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பஞ்சில் கறுப்புத் துணுக்குகள் தெரியலாம். அதைப் பார்த்து “ரொம்பப் பழசு” என்பவர்கள் உண்டு. மட்டரகப் பஞ்சில் எந்தக் காலத்திலும் துணுக்கு இருக்கும். கிழிசல் வழியே பட்டுப் போல் மினுங்கி வழுக்கும் பஞ்சு எட்டிப் பார்த்தால் இலவம்பஞ்சாக இருக்கலாம். பஞ்சைப் பார்ப்பதற்காகத் தையலைப் பிரிக்காதீர்கள்.

5. காகிதம் இருக்கிறதா?

அறுகோணக் குயில்டுக்கு மட்டும் இது. காகிதத்தை அச்சாக வெட்டி, அதன் மேல் துணியை மடித்துத் தைக்கும் முறையில் சிலர் காகிதத்தை உள்ளேயே விட்டுவிடுவார்கள். அடித்துணி இல்லாத, பாதியில் நின்ற குயில்டில் அது அப்படியே தெரியும். லேசாக அழுத்தினால் சரசரக்கும்.

கடிதம், கணக்கு நோட்டு, செய்தித்தாள் எதுவாகவும் இருக்கலாம். விலை அணாவில் இருந்தால் காகிதம் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. அன்றுதான் நயா பைசா வந்தது. தமிழ் அச்சு என்றால் ‘லை’, ‘னை’ எழுத்துகளைப் பாருங்கள். தும்பிக்கை வைத்த பழைய வடிவம் இருந்தால், எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த 1978-க்கு முன் அச்சானதாகவே பெரும்பாலும் இருக்கும். புதிய வடிவத்தைப் பார்த்ததும் 1978-க்குப் பின் என்று முடிவு கட்டவும் கூடாது. பெரியாரின் குடி அரசு 1935-லேயே அதற்கு மாறிவிட்டது. காகிதமும் துணி மாதிரிதான்: வெட்டிய நாள் வேறு, அச்சான நாள் வேறு.

6. எழுதி வையுங்கள்

டிசைன் பெயர், கண்டுபிடித்ததில் புதிய துணி எது, வீட்டுக் கதை என்ன, மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வருஷத்தை ‘1960-க்குப் பின்’ என்கிற மாதிரி எல்லையாகவே குறியுங்கள். அப்புறம் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு இடத்தில் மடித்து வையுங்கள்.