ஏர் பிஸ்டல் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு

மதுரையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி செய்வோர், விலை உயர்ந்த உதிரிபாகங்களைத் தேடும் முன் கைப்பிடியைச் சரிசெய்துகொள்வது நல்லது. மரக் கைப்பிடிக்கும் உள்ளங்கைக்கும் இடையே இடைவெளி தெரியும் இடங்களில் மரப் புட்டியைச் சிறிது சிறிதாக அப்பி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால், கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமரும். சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும் நம் ஊரில் இதைவிடப் பயன்தரும் மாற்றம் வேறில்லை என்பது என் கருத்து. ட்ரிகர் இழுவை, அதாவது சுடும் விசையை இழுக்கத் தேவைப்படும் எடை, போட்டி விதிப்படி 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதால், சற்றே கூட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அடுத்தது காற்று சிலிண்டர். சுமார் 200 பார் அழுத்தம் நிரம்பிய அதனை, மாட்டுத்தாவணியில் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். அதன் மேல் பொறித்துள்ள தேதியைப் பார்த்து, தயாரிப்பாளர் குறித்த காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் சிலிக்கான் கிரீஸை மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். வீட்டிலிருக்கும் தையல் மெஷின் எண்ணெய் போன்ற பெட்ரோலிய எண்ணெய்கள், அழுத்தக் காற்றுடன் சேர்ந்து தீப்பற்றக்கூடும்.

போட்டிக்கு முந்தைய நாளே திருகுகளையும் லீவரையும் சோதித்துவிடுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச்சுற்றில், 2021இல், இந்தியத் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் பிஸ்டல் பழுதால் நேரத்தை இழந்து இறுதிச்சுற்றுக்குச் செல்ல முடியாமற்போனது. குழலைச் சுத்தம் செய்ய, உள்ளே பெல்லட் (சிறு ஈயக் குண்டு) இல்லை என்று உறுதிசெய்தபின், 4.5 மி.மீ. கம்பளித் துண்டுகளைப் பின்புறத்திலிருந்து செலுத்தினால் போதும்.