போர்க்காலக் காதல் நாவல் எழுத: முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

போர்க்காலக் காதல் கதை எழுத ஆசைப்படும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நாயகன் பட்டாளத்துக்காரனா இருக்கணுமா அக்கா?" என்பதுதான். அவன் யார் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாயகி எந்த ஊரில், எந்த வருடம், எந்த மாதத்தில் இருக்கிறாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டாம் உலகப் போரில் மாதம் மாறினால் கதையே மாறிவிடும். 1941 தீபாவளிக்கு மலாயாத் தோட்டத்திலிருந்து கடிதமும் பணமும் வரலாம். 1942 பிப்ரவரி 15இல், மலாயாவுக்குப் பின்னால் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு போர் முடியும்வரை மூன்றரை வருடம் வழக்கமான தபாலே கிடையாது. நிச்சயம் செய்தவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் ஒருத்தி காத்திருக்கிறாள், வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இதற்கு மேல் வில்லன் எதற்கு?

அப்புறம் ஊர். நான் இருக்கும் ஆரியங்காவு கேரளத்தில், மலையிறங்கினால் செங்கோட்டை தமிழ்நாட்டில். போர்க்காலத்தில் இரண்டுமே திருவிதாங்கூர் சமஸ்தானம். செங்கோட்டை பிரிந்து போனது 1956 நவம்பரில்தான். ஆகவே செங்கோட்டை நாயகி கடையில் சமஸ்தானத்துக் காசான சக்கரத்தை எண்ணிக் கொடுப்பாள். 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர் ரூபாய். பக்கத்திலேயே இருக்கும் தென்காசிப் பெண் பிரிட்டிஷ் இந்தியாவில் அணா கொடுப்பாள். சமஸ்தானத்துப் பத்திரத்தில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருடக் கணக்கு இருக்கும். 1942 ஆவணியில் பிறந்தது 1118. நாயகி டிரான்சிஸ்டரில் செய்தி கேட்பதும், பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். அவை அப்போது இல்லை. இப்படி ஒரு பிழை கண்ணில் பட்டால் வாசகி அடுத்த அத்தியாயத்தைச் சந்தேகத்தோடுதான் திறப்பாள்.

எல்லாவற்றையும்விடச் சோறு முக்கியம். திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பியிருந்த நாடு. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்ததும் அந்த அரிசி நின்றது, ரேஷன் வந்தது, மரச்சீனிக் கிழங்குதான் பல வீடுகளில் உயிரைப் பிடித்துவைத்தது. என் தொடரில் ஒரு அத்தியாயம் முழுக்க இதை வைத்துத்தான் எழுதினேன். நாயகி கஞ்சி வைக்கிறாள். பருக்கையை அரித்தெடுத்துத் தம்பிகளுக்கும் பாட்டிக்கும் போட்டுவிட்டு, உப்புப் போட்ட தெளிவை மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று குடிக்கிறாள். ரயில் பாதையில் கேங்மேன் வேலை பார்க்கும் அடுத்த வீட்டுக்காரன் அதைப் பார்த்துவிடுகிறான். மறுநாள் விடியும்போது திண்ணையில் மண் உதிராத ஒரு மூடு கிழங்கு கிடக்கிறது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசகிகள் எனக்கு அதிகம் எழுதியது அந்த அத்தியாயத்துக்குத்தான், தங்கள் வீட்டுப் பாட்டிகளைப் பற்றி.

இப்படிப்பட்ட விவரம் வயதானவர்களிடம்தான் கிடைக்கும், ஆனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் "போர்க்காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளைல்லா" என்றார். "மண்ணெண்ணெய் கிடைக்காதப்போ விளக்குக்கு என்ன ஊத்துனாங்க ஆச்சி?" என்றதும் புன்னைக்காய் எண்ணெயில் ஆரம்பித்து, அதன் புகை, அந்தப் புகையில் கண் எரிய அவர் அம்மா துணி தைத்தது என்று சாயங்காலம்வரை பேசினார்.

நாயகி வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1942இல் இந்திய ராணுவத்தில் பெண்கள் துணைப் படை தொடங்கப்பட்டது. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி தன் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று ஜான்சி ராணி படையை அமைத்தார். அதன் தளபதி கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர், தாய்வழியில் பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரை. படையில் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர். பால்வெட்டிய கையில் துப்பாக்கி வாங்கிய ஒருத்தியை, நாயகன் வந்து காப்பாற்றுவதற்காக மட்டும் கதையில் நிறுத்திவைக்காதீர்கள். அவள் முடிவை அவளே எடுக்கட்டும். வரலாற்று மனிதர்களைத் தூரத்தில் வையுங்கள். அவர்கள் வாயில் நீங்கள் எழுதிய காதல் வசனம் வேண்டாம்.

போர்க்காலத்தில் ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். நாயகன் அங்கிருந்து திரும்பினால் காய்ச்சலும் கெட்ட கனவும் அவனோடு திரும்ப வேண்டும். கல்யாணத்தில் முடிப்பதை நான் தடுக்கவில்லை, எனக்கும் சுபமான முடிவுதான் பிடிக்கும். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு அத்தியாயம் எழுதுங்கள். பெண்கள்மேல் நடந்த பாலியல் வன்முறையை விறுவிறுப்புக்காகச் சேர்க்காதீர்கள். கதைக்குத் தேவைப்பட்டால் அத்தியாயத் தொடக்கத்திலேயே எச்சரிக்கை போடுங்கள்.

சரி, வெளியிடுவது. முதலில் இணையத்தில் கதை படிக்கும் தளமான பிரதிலிபியில் தொடராகப் போடுங்கள். வாரத்தில் ஒரே நாளில் அத்தியாயம் வந்தால் வாசகிகள் தங்குவார்கள். அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலுக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அவர்களுடைய திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. ஆகவே தொடரை எடுத்துவிட்டுத்தான் சேர வேண்டும்.

அச்சுப் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண்ணை, ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தில் வேறு எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றியபின் கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருக்கும். ஆகவே மெய்ப்பை (ப்ரூஃப்) தாளில் எடுத்து இன்னொரு முறை வரிவரியாகப் படியுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வர வேண்டுமென்றால் தீபாவளிக்கு முன்னாலேயே கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.

பதிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டால் அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடத்துக்குத்தான். மலையாள உரிமையை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். இந்தக் கதைகளுக்குப் புனலூரிலும் கொல்லத்திலும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

அட்டைக்குப் பழைய குடும்பப் படம் ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும். ஆச்சி பிரியமாகத்தான் எடுத்துக் கொடுப்பார். இருந்தாலும், புத்தகத்தில் போடலாமா என்று அவரிடமும் படத்தில் இருப்பவர்களின் வீட்டாரிடமும் தனியாகக் கேட்டு, எழுதி வாங்கிய பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.