கொடைக்கானலில் நடை அமர்வுக்கு உடுத்துவது எப்படி?

மனநல ஆலோசகருடன் அறைக்குள் அமர்ந்து பேசாமல், ஏரிக்கரையிலோ கோக்கர்ஸ் வாக் என்னும் மலைவிளிம்பு நடைபாதையிலோ நடந்தபடியே பேசும் அமர்வுகளுக்கு நான் போய்வருவது தெரிந்தவர்கள், அதற்கு என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று கேட்கிறார்கள். மலையேற்றத்துக்கான உடைக் குறிப்புகள் ஏராளமாகக் கிடைத்தாலும் அவை இதற்குப் பாதிதான் பொருந்தும். மலையேறுபவரின் உடை குளிரையும் மழையையும் தடுத்தால் போதும். நடை அமர்வுக்கு வருபவரின் உடையோ, அவற்றைத் தடுப்பதோடு, தடையின்றிப் பேசுவதற்கும், பக்கத்தில் நடப்பவர் தணிந்த குரலில் சொல்வதைக் கேட்பதற்கும் இடம்கொடுக்க வேண்டும். கீழே நான் பரிந்துரைக்கும் ஒவ்வொன்றையும் இந்த இரண்டாவது தேவையை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

படி 1: வழியை முதலில் கேளுங்கள்

எந்த வழியில் நடக்கப்போகிறோம், இடையில் உட்காருவோமா என்பதை முந்தைய நாளே ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். ஏரியைச் சுற்றியுள்ள சுமார் 5 கிலோமீட்டர் சாலை ஏறக்குறைய சமதளமானது. கோக்கர்ஸ் வாக் ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான் என்றாலும், சமவெளியைப் பார்த்த சரிவின் விளிம்பில் செல்வதால் காற்றும் மூடுபனியும் நேரே முகத்தில் அடிக்கும். பைன் காட்டில் உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைகள் வழுக்கும். சோலைக்காட்டின் ஓரமாக மழைக்காலத்தில் நடந்தால் அட்டை ஏறும். வழி தெரியாமல் உடையைத் தேர்ந்தெடுப்பது வீண்.

படி 2: மூன்று அடுக்குகள், எல்லாம் ஜிப் வைத்தவை

என்னை நெடுநாள் தொல்லைப்படுத்தியது இந்தப் படிதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வத்தலக்குண்டில் வியர்த்து வழியப் பேருந்து ஏறியவர் மேலே இறங்கும்போது சட்டென்று குளிர்ந்துபோகிறார். உடனே கனத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொள்கிறார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஏற்றத்தில் பத்து நிமிடம் நடந்தாலே அந்த ஸ்வெட்டருக்குள் பருத்தி பனியன் முதுகோடு ஒட்டும் அளவுக்கு நனைந்துவிடும். பிறகு ஒரு பெஞ்சில் அமர்கிறோம். கீழிருந்து மூடுபனி ஏறிவருகிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே நனைந்த துணி பனிக்கட்டிபோல் சில்லிடுகிறது. அதுவரை வாய்திறந்து சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கும் அந்த நேரத்தில் பல் கிட்டிக்கொண்டால், மனம் குளிரைத்தான் நினைக்குமே தவிரச் சொல்ல வந்ததை நினைக்காது. நடை அமர்வின் வேகம் உடற்பயிற்சி நடையின் வேகம் அன்று. உட்கார்ந்தபின் உடலைத் திரும்பச் சூடேற்றிக்கொள்ள வழியே இருக்காது.

பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதும், ஈரமான துணி உடலின் சூட்டை விரைவாக வெளியேற்றிவிடுவதுமே இதற்குக் காரணம். ஆகவே உள்ளடுக்காகப் பருத்தி பனியனை விட்டுவிட்டு, விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும், வியர்வை விரைவாக உலரும் டிரை-ஃபிட் டி-ஷர்ட்டையோ மெல்லிய கம்பளி உள்சட்டையையோ அணியுங்கள். அதன்மேல் முன்பக்கம் ஜிப் வைத்த ஃபிளீஸ் அல்லது கம்பளிச் சட்டை. அதற்கும் மேல் காற்று புகாத மெல்லிய ஜெர்கின்.

தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைக் கழற்ற நடையை நிறுத்தி, கைகளை உயர்த்தி, முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருப்பதால் பேச்சு அங்கேயே அறுந்துபோகும். ஜிப்பையோ பேசிக்கொண்டே ஒரு கையால் இறக்கிவிடலாம். ஏற்றம் தொடங்கும் முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள்; உட்காரும் முன்பே மூடிவிடுங்கள். குளிர்ந்தபின் மூடுவதால் பெரிய பயன் இல்லை.

படி 3: தலையையும் காதையும் கவனியுங்கள்

காதை இறுக மூடும் குரங்குக் குல்லா வேண்டாம். ஏரிச்சாலையில் சைக்கிளும் குதிரையும் பின்னாலிருந்து வரும். அவற்றின் ஓசையும் கேட்க வேண்டும், ஆலோசகரின் தணிந்த குரலும் கேட்க வேண்டும். மெல்லியதாகப் பின்னிய குல்லாவைக் காதின் மேல்பாதிவரை இழுத்துக்கொண்டால் போதுமானது. மஃப்ளரைக் கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றினால் பேச்சு மழுங்குவதோடு கண்ணாடி அணிபவர்களுக்கு மூச்சுக்காற்றில் கண்ணாடியும் மங்கிவிடும்.

வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1,000 மீட்டர் உயர்ந்தால் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. குளிர்ந்த காற்று வீசுவதால் தோல் கருகுவது அப்போது தெரியாது. கறுப்புக் கண்ணாடியைவிட விளிம்பு வைத்த தொப்பியே இங்கு மேல் என்பது என் உறுதியான கருத்து. கண்கள் சொல்வதையும் ஆலோசகர் கவனிக்கிறார் அல்லவா?

படி 4: மழைக்கு

பழனி மலையில் கனமழை பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான். நீலகிரியின் மேற்குப் பகுதியில் இருப்பவர்கள் ஜூன் மாதமே ஆயத்தமாக வேண்டும். கொடைக்கானலில் கோடையிலும் பிற்பகல் மழை எதிர்பாராத ஒன்றன்று.

குடையா, ரெயின்கோட்டா என்று கேட்டால், ரெயின்கோட் என்றே சொல்வேன். இருவரும் குடை பிடித்தால் இடையில் ஒரு மீட்டர் விலகல் விழுந்துவிடும். குடைத்துணியில் மழை விழும் ஓசையை மீறிக் குரலை உயர்த்த வேண்டிவரும். அந்தரங்கமாகப் பேச வந்ததை எதிரே வருபவர்களும் கேட்பார்கள். ரெயின்கோட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள்: கடையிலேயே போட்டுக்கொண்டு கையை வீசி நடந்து பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் கோட்டுகள் ஒவ்வோர் அடிக்கும் சரசரக்கும். மிருதுவான நைலான் துணியில் தைத்தது சற்று விலை கூடுதல் என்றாலும் ஓசை மிகக் குறைவு. அதன் தலைமூடியைப் போட்டுக்கொண்டால் பக்கத்தில் இருப்பவரின் முகம் மறைந்துவிடுவதால், தூறலுக்குத் தொப்பியோடு நிறுத்திக்கொண்டு பெருமழைக்கு மட்டும் தலைமூடியைப் பயன்படுத்துங்கள்.

படி 5: கால்

புதிய ஷூ வேண்டாம். பழகிய, அடிப்பாகத்தில் வரிப்பள்ளம் தேயாத ஷூ போதும். கேன்வாஸ் ஷூ பனிப்புல்லில் நடந்த சிறிது நேரத்திலேயே நனைந்துவிடும். கம்பளி கலந்த சாக்ஸ் அணியுங்கள். சோலை ஓரமாக நடப்பதானால், அட்டை புகாத நெருக்கமான துணியில் தைத்த நீள உறையைக் கால்சட்டையின்மேல் முழங்கால்வரை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: சட்டைப்பைகள்

பருத்தியைத் தவிர்க்கச் சொன்ன நான், கைக்குட்டை மட்டும் பருத்தியாக இருக்கட்டும் என்கிறேன். டிஷ்யூ காகிதம் மூடுபனியில் ஊறிக் கிழிந்துவிடும். அழுகை வரும்போது முதுகுப்பையைக் கழற்றித் துழாவும் நிலை யாருக்கும் வர வேண்டாம். கைக்குட்டையை ஜெர்கினின் வலப்புறப் பையில் வையுங்கள். அலுவலகத்திலிருந்து நேரே வருபவர்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிவிடுங்கள். இது சிறிய ஊர். யாருடன் எதற்காக நடக்கிறீர்கள் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த பெண்கள் சிலர் புடவையில் வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாக வரலாம். பருத்திப் புடவையின் கரை பனிப்புல்லில் நனைந்து கனத்துக் காலைத் தடுக்கும் என்பதால், சின்தெடிக் புடவையைக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டி, உள்ளே தெர்மல் கால்சட்டை அணிந்து, முந்தானையை ஜெர்கினுக்குள் செருகிக்கொள்ளுங்கள். சுடிதார் அணிபவர்கள் துப்பட்டாவின் இரு முனைகளையும் பின் குத்திவிடுங்கள். காற்று அதை முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்.

மற்றொருவரின் கேள்வி மிக முக்கியமானது: மருந்து சாப்பிடுபவர்கள் தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா? ஆம். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் வியர்வையைக் கூட்டும். அத்தகையவர்களுக்கு மாற்று உள்சட்டை ஒன்று பையில் கட்டாயம் இருக்க வேண்டும். குளோர்புரோமசின் போன்ற மனநோய் மருந்துகள் தோலை வெயிலில் எளிதில் கருகச் செய்யும். முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் அணிய வேண்டும். மனநிலையின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவர்கள் மிகுதியாக வியர்த்து உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறக்கூடும் என்பதால், கனத்த உடையைத் தவிர்த்துத் தண்ணீர் பாட்டிலைக் கையோடு வைத்திருங்கள். மருந்துச் சீட்டை எழுதிய மருத்துவரிடம், மலையில் வெளியில் நடக்கப்போவதைச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகே முதல் அமர்வுக்கு நாள் குறியுங்கள்.