ஸ்காபரோவுக்குப் புதுசா வந்தாக்களுக்கு: பள்ளிக்கூடப் பேப்பரில சைன் வைக்க முதல்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கிறது பெரிய வேலையில்லை. வீட்டு விலாசத்துக்கு ஒரு ஆதாரம், ஊசி போட்ட காட், கனடாவுக்கு வந்த பேப்பர், இவ்வளவையும் ஒஃபிஸில குடுங்கோ, மிச்சத்தை அவையே சொல்லுவினம். வழுக்கிற இடம் பிறகுதான் வரும்.

ஊரில ரீச்சர் ஒண்டு சொன்னா நாங்கள் மறுத்துக் கதைக்கமாட்டம் தானே, அந்தப் பழக்கத்தாலதான் 2013ல எங்கட பில்டிங்கில இருந்த ஒரு ஜமேய்க்கா அம்மாவை நான் கவிழ்த்துப்போட்டன். அவவும் நானும் ஒரே ஃபக்டரி, நைட் ஷிஃப்ட். ரெண்டு பேற்ர மகன்மாரும் கிரேட் 8, ஒரே வகுப்பு, கணக்கில ரெண்டு பேருக்கும் 74. அப்ப கிரேட் 9ல ரெண்டு பாதை: யூனிவர்சிற்றிப் பக்கம் போற அகடெமிக், செய்முறை கூடின அப்ளைட். என்ர மகனை கிரேட் 9க்கு அகடெமிக் எடுக்கச் சொன்ன அதே ரீச்சர் அவவின்ர மகனுக்கு, "கைவேலையில கெட்டிக்காரன், அப்ளைட் தான் அவனுக்குச் சுகம்" எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லியிருக்கிறா. எந்தப் பாதை எண்டு சைன் வைக்கிற பேப்பரை அவ பிரேக் ரூமில என்னட்டக் காட்ட, நானும் பெரிய ஆள் மாதிரி, ரீச்சருக்குத் தெரியாததோ, சைன் வையுங்கோ எண்டிட்டன்.

கிரேட் 10 கணக்கை அகடெமிக்கில எடுக்க வெளிக்கிட்டாப் பிறகுதான் விளங்கினது, மாறுறதுக்கு எண்டே தனியா ஒரு கோர்ஸ் எடுக்கோணுமாம். அந்தச் சமர் முழுக்க அவன் பஸ் ஏறித் திரிஞ்சான், என்ர மகன் கிரிக்கெட் விளையாடினான். ஒருக்கா வகுப்பில ரெண்டு பேரும் அழிரப்பர் எறிஞ்சு விளையாடினதுக்கு என்ர மகனுக்கு "இரு" எண்ட அதட்டல் மட்டும், அவனுக்கு ரெண்டு நாள் சஸ்பென்ஷன். நானும்தான் எறிஞ்சனான் எண்டு என்ர மகன் போய்ச் சொல்லியும் எடுபடேல்லை.

2017ல யோர்க் யூனிவர்சிற்றி பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் ஆக்கள் ரொறன்ரோ பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு அறிக்கை விட்டவை. கறுப்பினப் பிள்ளையளில 53% தான் அகடெமிக்கில, வெள்ளையள் 81%. ஹைஸ்கூல் முடியுறதுக்குள்ள ஒருக்காவது சஸ்பென்ட் ஆன கறுப்பினப் பிள்ளையள் 42%, வெள்ளையள் 18%. எங்கட பிள்ளையளும் சேர்ந்த மற்ற நிறத்துப் பிள்ளையள் 80% அகடெமிக்கில எண்டதைப் பாத்திட்டு, அப்ப எங்களுக்கென்ன எண்டு என்னட்டயே கேட்ட ஆக்கள் இருக்கினம். எரிச்சல்தான் வந்தது.

கிரேட் 9ல இந்தப் பிரிப்பை நிப்பாட்டிட்டினம், 2021ல கணக்கு, 2022ல மிச்சப் பாடங்கள். கிரேட் 10ல இன்னும் இருக்கு. ரீச்சர் சொல்லுறது யோசனை மட்டும்தான், கடைசி முடிவு உங்கடையும் பிள்ளையின்ரயும். அங்கயே வைச்சு சைன் வைக்காதேங்கோ, வீட்ட கொண்டுவாங்கோ. பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பிள்ளைக்கும் அதே பேப்பரோ எண்டும் கேளுங்கோ.

மற்றது, கறுப்பின ஆக்களை வீட்டில "காப்பிலி" எண்டு இழிவாக் கதைக்கிறதை விடுங்கோ. சாப்பாட்டு மேசையில அம்மம்மா அப்பிடிச் சொல்ல, அந்த ஜமேய்க்கா அம்மாவின்ர மகன் என்னட்ட அர்த்தம் கேட்டவன். சிநேகிதன் எண்டு சொல்லிச் சமாளிச்சன். இப்பவும் என்ர மகனுக்கு ஃபோன் எடுத்தா அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கூப்பிடுறான்.